'தகவலாளி' என்று எழுதாதீர்கள்

கேள்வி இதுதான்: "தாவரவியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருக்கிறேன். அகத்தியமலையின் தமிழ்நாட்டுப் பக்கம் வாழும் காணிக்காரர்கள் என்ற பழங்குடியினரின் மருந்துச்செடி அறிவைத் தொகுப்பது என் தலைப்பு. நெறியாளர், 'அழிந்துகொண்டிருக்கும் அறிவைப் பதிவு செய்கிறாய், நல்ல காரியம்' என்கிறார். பழங்குடிச் சமூகத்திலிருந்து வந்த விடுதித் தோழி ஒருத்தியோ, 'எங்களிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான், அதையும் எடுத்துக்கொண்டு போகப் போகிறாயா?' என்று கேட்டாள். யார் சொல்வது சரி?"

உங்கள் தோழி பக்கம்தான் நான். நெறியாளர் கெட்டவர் என்பதற்காக அல்ல. அவர் சொன்ன வாக்கியத்தில் அறிவு இருக்கிறது, அது அழிகிறது, அதை நீங்கள் பதிவு செய்கிறீர்கள். அறிந்தவர் எங்கே? வாக்கியத்தில் ஆளே இல்லை. இருந்தாலும் அவருக்கு நம் துறை வைத்திருக்கும் பெயர் 'தகவலாளி', ஆய்வாளருக்குத் தகவல் கொடுப்பவர். நானும் அப்படி ஆளில்லாத ஆய்வேடு ஒன்று எழுதிப் பட்டம் வாங்கியவன்தான். 140 செடிகள், தாவரப் பெயர், வட்டாரப் பெயர், பயன்படும் பாகம், எந்த நோய்க்கு என்று அழகான அட்டவணை. முன்னுரையின் கடைசியில் "தகவல் தந்து உதவிய மலைவாழ் மக்களுக்கு நன்றி" என்று ஒரு வரி. ஆறு மாதம் எனக்குச் சோறு போட்டு, காடு காட்டி, அட்டை கடித்த காலுக்குப் புகையிலைச் சாறு தடவிவிட்டவரின் பெயர் அந்த 212 பக்கங்களில் ஓரிடத்திலும் கிடையாது. என் நெறியாளரின் பெயர் நான்கு இடங்களில் இருக்கிறது.

உங்கள் தலைப்பு காணிக்காரர்கள் என்பதால், அவர்களுக்கு ஏற்கெனவே நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். இந்தத் துறையில் உலகம் முழுக்கப் பாடமாக நடத்தப்படும் கதை அது. நம் ஊர் மலையில் நடந்தது, நம்மில் பலருக்குத் தெரியாது.

1987இல், பழங்குடிகளின் உயிரியல் அறிவை நாடு முழுக்கத் தொகுத்த மத்திய அரசுத் திட்டம் ஒன்றின் விஞ்ஞானிகள் குழு, அகத்தியமலையின் கேரளப் பக்கம் ஏறியது. தலைமை பி. புஷ்பாங்கதன். வழிகாட்டிகளாகக் கூட வந்தவர்கள் காணிக்காரர்களான மல்லன் காணி, குட்டிமாத்தன் காணி முதலியோர். ஏறஏற விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்குகிறது. கூட வந்தவர்கள் ஏதோ ஒரு காயை அவ்வப்போது வாயில் போட்டுக்கொண்டு சோர்வே இல்லாமல் நடக்கிறார்கள். அது என்ன என்று கேட்டால் சொல்லத் தயக்கம், வெளியாருக்குச் சொல்லக்கூடாத சங்கதி அது. வற்புறுத்திக் கேட்ட பிறகு செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. தாவரவியல் பெயர் டிரைக்கோபஸ் சைலானிகஸ்.

திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டில் இருக்கும் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதைப் பகுத்துப் பார்த்தது. காணிகள் தின்றது காய். ஆய்வகம் இலையிலும் சோர்வு போக்கும் பொருட்கள் இருப்பதைக் கண்டது. அதோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கினார்கள். 1995இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்குத் தயாரிப்பு உரிமம் கொடுக்கப்பட்டது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் உரிமைத்தொகை, காலம் ஏழு ஆண்டு. இதில் பாதி காணிகளுக்கு என்று நிறுவனம் முடிவு செய்தது.

இங்கே கொஞ்சம் நின்று, அந்த விஞ்ஞானிகளுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். இந்தியாவின் பல்லுயிர்ச் சட்டம் வந்தது 2002இல். 1995இல் யாருக்கும் ஒரு பைசா கொடுக்க வேண்டும் என்று அவர்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இந்த நாட்டில் இல்லை. தாமாகவே பாதி என்று சொன்னார்கள். அதற்காகவே இது 'காணி மாதிரி' என்று உலகக் கருத்தரங்குகளில் பேசப்பட்டது, 2002இல் ஐ.நா. பரிசும் கிடைத்தது. இவ்வளவு நல்ல எண்ணத்தோடு தொடங்கியதே எங்கே இடறியது என்பதுதான் உங்களுக்குப் பயன்படும்.

முதல் இடறல்: பணத்தை யாரிடம் கொடுப்பது? காணிகளுக்கு மூட்டுக்காணி என்ற ஊர்த்தலைவர் உண்டு, வைத்தியம் பார்க்கும் பிலாத்தி உண்டு. பதிவு எண்ணும் வங்கிக் கணக்கும் உள்ள சங்கம் கிடையாது. ஆகவே அறக்கட்டளை ஒன்றை உருவாக்க வேண்டியிருந்தது. அது பதிவானது 1997 நவம்பரில். சுமார் 5 லட்சம் ரூபாய் அதன் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது 1999இல். செடியைக் காட்டி 12 வருடம் ஆகியிருந்தது.

இரண்டாவது இடறல் இன்னும் ஆழமானது. செடியைக் காட்டியவர்கள் ஒரு பகுதிக் காணிகள். அறிவு எல்லாருடையது. அதிலும் பிலாத்திகளின் பொறுப்பில் இருந்தது. 1995இலேயே பிலாத்திகள் சிலர் கேரள முதலமைச்சருக்குக் கடிதம் எழுதி, தங்கள் அறிவை விற்க வேண்டாம் என்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வழிகாட்டியாக வந்த இளைஞரிடம் அனுமதி வாங்கினால் ஊரிடம் வாங்கியதாகுமா? இந்தக் கேள்வியை 1987இல் மலையேறும்போது யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருக்க வேண்டிய நேரம் அதுதான்.

மூன்றாவதாக வனத்துறை. ஆரோக்கியப்பச்சை காட்டு நிழலில் வளர்வது, இடம் மாற்றி வைத்தால் மருந்துச் சத்து குறைகிறது. பயிரிடக் காணிக் குடும்பங்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். ஆனால் காட்டிலிருந்து இலையை எடுத்துவர வனத்துறை தடை போட்டது. தங்கள் செடியைத் தாங்களே பறித்தால் குற்றம். மூலப்பொருள் ஒழுங்காக வராமல் உற்பத்தி தள்ளாடியது. உரிமக் காலம் முடிந்த பிறகு எல்லாம் மெல்ல ஓய்ந்தது.

நான்காவது உங்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. அந்த அறக்கட்டளை கேரளக் காணிகளுக்கானது. மலையின் இந்தப் பக்கம், பேச்சிப்பாறையிலும் பாபநாசத்துக்கு மேலும் இருப்பவர்கள் அதே மக்கள். மாநில எல்லை மலை முகட்டில் விழுந்ததால் இவர்கள் தமிழ்நாட்டுக் காணிகள் ஆனார்கள், பங்கு கேட்கும் வரிசையில்கூட இல்லை. நீங்கள் அங்கே போய் உட்கார்ந்து "இந்தச் செடி எதற்கு?" என்று கேட்கும்போது உங்கள் எதிரில் இருப்பவருக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். இந்தியக் குடிமகளாக, வணிக நோக்கம் இல்லாத ஆய்வு செய்யும்போது பல்லுயிர்ச் சட்டம் உங்களைப் பெரிதாக ஒன்றும் கேட்காது. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். அதற்கு அலைய வேண்டியிருக்கும், அலைந்து வாங்கிவிடுவீர்கள். அந்தத் தாளில் மரத்துக்கும் விலங்குக்கும் நீங்கள் இழைக்கக்கூடிய தீங்கு பற்றி நிபந்தனைகள் இருக்கும். மனிதரிடம் எதை எடுக்கலாம், எடுக்கக்கூடாது என்று ஒரு வரி இருந்தால் ஆச்சரியம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பல்லுயிர் சார்ந்த மரபறிவின் மீது சமூகத்துக்கு அறிவுசார் சொத்துரிமை உண்டு என்று 3(1)(k) பிரிவில் சொல்கிறது (வரிசையில் பதினொன்றாவது உரிமை). ஆய்வு முறையியல் வகுப்பில் அந்தப் பிரிவை யாரும் நடத்தி நான் கேட்டதில்லை.

எழுதிய அறிவுக்கும் எழுதாத அறிவுக்கும் இடையில் நம் நாடு வைத்திருக்கும் பாகுபாட்டையும் தெரிந்துகொள்ளுங்கள். மஞ்சளுக்கு அமெரிக்காவில் 1995இல் காப்புரிமை கொடுத்து, இந்தியா எதிர்த்து, 1997இல் ரத்தானது நினைவிருக்கும். அந்தச் சூட்டில் 2001 முதல் மரபறிவு மின்னூலகம் ஒன்றை அரசு உருவாக்கியது. ஆயுர்வேதம், சித்தம், யுனானி நூல்களில் உள்ளவை அதில் ஏறின. நூலில் இருந்தால்தான் ஏறும். கொக்கரை என்ற இசைக்கருவியைத் தேய்த்துக்கொண்டு இரவெல்லாம் பிலாத்தி பாடும் சாற்றுப்பாட்டில் இருக்கும் வைத்தியம் எந்த நூலில் இருக்கிறது? அப்புறம் 2023இல் பல்லுயிர்ச் சட்டத்தைத் திருத்தினார்கள். நூல்களில் தொகுக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துவோருக்கு, அறிவுக்கு உரியவர்களோடு பலனைப் பகிரும் கடமையிலிருந்து விலக்கு கிடைத்தது. இப்போது யோசித்துப் பாருங்கள். வாய்மொழியாக இருக்கும் வரை அதற்குக் கொஞ்சமாவது உரிமை கேட்க இடம் உண்டு. அச்சில் வந்துவிட்டால், "இது ஏற்கெனவே வெளியான செய்திதானே" என்று யாரும் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் அட்டவணை அப்படி ஒரு கதவைத் திறக்கலாம். 'பதிவு செய்து காப்பாற்றுவது' என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை போனது இந்த இடத்தில்தான்.

பழைய கதை ஒன்று சொல்கிறேன், கொஞ்சம் விலகிப் போகும். 1930களில் மரே எமெனோ என்ற மொழியியலாளர் நீலகிரிக்கு வந்தார். திராவிட மொழியியலில் பெரிய பெயர். அங்கே வாழும் கோத்தர் என்ற பழங்குடியினரின் மொழியில் 1940களில் அவர் வெளியிட்ட கதைத் தொகுதிகள் இன்றும் அந்தத் துறையின் அடித்தளம். அதே காலத்தில் டேவிட் மண்டெல்பாம் என்ற மானிடவியலாளரும் கோத்தர்களிடையே வேலை செய்தார். இருவருக்கும் முதன்மையாகச் சொன்னவர் ஒரே மனிதர், சுள்ளி என்ற கோத்தர். அவர் ஆங்கிலம் படித்தவர், பள்ளி ஆசிரியர், தன் சமூகத்தில் சில பழக்கங்களை மாற்றத் துணிந்து கெட்ட பெயரும் வாங்கியவர். பின்னாளில் மண்டெல்பாம் சுள்ளியைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதினார். அதாவது இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்களுக்கு ஒரு மலைக்கிராமத்து வாத்தியார் பாடம் நடத்தியிருக்கிறார். துறையில் அவருக்குக் கிடைத்த பட்டம் 'தகவலாளி'. பல்கலைக்கழகத்தில் அதே அளவு நேரம் அதே பேராசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் இருந்தால் அவரை என்னவென்று அழைப்போம்?

என் வாதம் மொத்தமும் இந்தச் சொல்லில் நிற்கிறது. பழங்குடி அறிவைப் பாடத்திட்டத்தில் சேர்க்கிறோம் என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். 2020 தேசியக் கல்விக் கொள்கை வந்த பிறகு 'இந்திய அறிவு மரபு' என்ற பெயரில் தாள்கள் முளைத்திருக்கின்றன. அவற்றின் பெரும்பகுதி சமஸ்கிருத நூல்களைச் சுற்றியது, பழங்குடிக்கு ஓர் அலகு ஒதுக்கியிருந்தால் பெரிது. ஆனால் என் கவலை அலகுகளின் எண்ணிக்கை அல்ல. அந்த அலகை நடத்துவது யார்? பிலாத்தி வகுப்புக்கு வந்து பேசினால் 'விருந்தினர் செயல்விளக்கம்', பொன்னாடை, ஒரு புகைப்படம். தேர்வுத்தாளைத் திருத்துவது அவரல்ல. அவர் சொன்னது சரியா என்று சொல்லும் உரிமை கடைசி வரை நம்மிடமே இருக்கிறது.

இதற்கு நேர் எதிராக ஒன்று நடந்திருக்கிறது. புளோரிடாவில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி எவர்கிளேட்ஸ் சதுப்புநில விலங்குகளைத் தின்று தீர்த்தன. 2017 தொடக்கத்தில் புளோரிடா பல்கலைக்கழகம் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை வரவழைத்தது. வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். மொழிபெயர்ப்பாளர்கள் கூடவே போனார்கள். ஒரு மாதத்துக்குள் 27 மலைப்பாம்புகள் பிடிபட்டன. அந்தப் பாம்பு அவர்கள் ஊரில் கிடையாது, அந்த நிலமும் அவர்களுக்குப் புதிது. புல் மடிந்த விதம், எச்சம், வெயில் விழும் பக்கம், இவற்றைப் படித்துப் பிடித்தார்கள். அறிவு என்பது செடிப்பெயர், பாம்புப்பெயர்களின் பட்டியல் அல்ல, பார்க்கும் முறை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. பட்டியலைத் தாளில் எழுதிக்கொண்டு போய்விடலாம், பார்வையை முடியாது. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. நம் ஊர் விலங்கியல் துறைகளில் எத்தனை, அவர்களை ஒரு பருவம் ஆசிரியராக உட்கார வைக்க நினைத்தன என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசை.

அடையாளம் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் நினைப்பதைவிட இது ஆபத்தான இடம். ஆய்வேட்டில் "இச்சமூகத்தார் இன்ன தெய்வத்தை வணங்குவர், இறந்தவரை இவ்வாறு புதைப்பர்" என்று எழுதுவது நமக்குப் பழக்கம். எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளில் எழுதியபோது தொடங்கிய நடை அது. மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்தவர் அவர். மூக்களவை விட்டுவிட்டோம், நடையை விடவில்லை. 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம், பழங்குடிச் சான்றிதழைச் சரிபார்க்கும்போது அந்தக் குடும்பத்தின் தெய்வம், சடங்கு, திருமண முறை, அடக்க முறை எல்லாவற்றையும் விசாரிக்கச் சொன்னது. ஒத்துப்போகிறதா என்று எதை வைத்துப் பார்ப்பார்கள்? நாம் எழுதியதை வைத்துத்தான். தமிழ்நாட்டில் 1989 நவம்பர் முதல் பழங்குடிச் சான்றிதழைக் கோட்டாட்சியர் நிலையில்தான் தருகிறார்கள். ஊரை விட்டு வந்து செங்கல் சூளையில் இரண்டு தலைமுறை இருந்த குடும்பத்துப் பெண், கல்லூரிச் சேர்க்கைக்கு ஒரு வாரம் முன்பு விசாரணையில் நிற்கிறாள். "உங்கள் குலதெய்வத்துக்கு என்ன படைப்பீர்கள்?" அவளுக்குத் தெரியவில்லை, மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள் அவள். புத்தகத்தில் வேறு மாதிரி இருக்கிறது. இந்த ஒப்புமைச் சோதனையே இறுதி முடிவாகாது என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, நல்லது. ஆனாலும் அகராதி மாதிரி நிலைத்த வாக்கியங்களில் ஒரு மக்களை எழுதும் முன், அந்த வாக்கியம் யார் கையில் என்னவாகும் என்று யோசியுங்கள். "2020களில், இந்தக் குடியிருப்பில், இந்தக் குடும்பங்களில் இப்படி" என்று எழுதினால் ஒன்றும் குறைந்துவிடாது.

பள்ளியைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சுருக்கமாக. மலைப் பள்ளிகளில் முதல் வகுப்புக் குழந்தை வீட்டில் பேசும் மொழி ஒன்று, பாடம் தமிழில். நமக்கு அது தாய்மொழிக் கல்வி, அவளுக்கு அல்ல. ஒடிசாவில் 2007 வாக்கிலேயே பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்கப் பாடம் தொடங்கினார்கள். வயநாட்டில் 2017இல் 'கோத்ரபந்து' என்று, படித்த பழங்குடி இளைஞர்களையே தொடக்கப் பள்ளிகளில் துணை ஆசிரியர்களாக நியமித்தார்கள். குழந்தையின் மொழி தெரிந்த ஒருவர் வகுப்பில் நிற்கிறார் என்பதே பாதி வேலை. அங்கேயும் நான் மேலே சொன்னதுதான்: 'ஆசிரியர்' என்ற நாற்காலியில் யார்?

இனி நீங்கள் என்ன செய்யலாம். முதல் முறை போகும்போது செடி பற்றி எதுவும் கேட்காதீர்கள். ஏன் வந்திருக்கிறீர்கள், ஆய்வேடு என்றால் என்ன, அது யார் கைக்கெல்லாம் போகும், உங்களுக்கு அதில் என்ன கிடைக்கும் (பட்டம், வேலை, சம்பளம் என்று வெளிப்படையாக) எல்லாவற்றையும் மூட்டுக்காணி இருக்கும் கூட்டத்தில் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் திரும்பி வந்து தலைப்பை மாற்றுங்கள். 'மாட்டேன்' என்று சொல்ல இடமில்லாத இடத்தில் வாங்கிய சம்மதம் சம்மதம் அல்ல. தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017இல் தாங்களே ஓர் ஆய்வு நெறிமுறை எழுதி வெளியிட்டார்கள். மரபணு ஆய்வுக்கு வந்தவர்கள் தங்கள் தலைவர்களைத் தாண்டிப் போனார்கள் என்பது அவர்கள் மனக்குறைகளில் ஒன்று. மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை, உரிய நடைமுறை, அவர்கள் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

எழுதக்கூடாது என்று அவர்கள் சொல்லும் செடியை எழுதாதீர்கள். நெறியாளர் எண்ணிக்கை குறைகிறது என்பார். குறையட்டும். 140 செடிகளில் என் ஆய்வேட்டுக்கு உண்மையில் தேவைப்பட்டவை முப்பதுகூட இல்லை. வரைவை அச்சுக்கு முன் ஊருக்கு எடுத்துப் போய் வாசித்துக் காட்டுங்கள். திருத்துவார்கள், சிரிப்பார்கள், சில இடத்தில் கோபப்படுவார்கள். நான் பத்து வருடம் கழித்து என் ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு போனபோது, எனக்குச் சொல்லிக்கொடுத்தவரின் மகள் அட்டவணையைக் கேட்டுவிட்டு, "மூணாவதும் பதினேழாவதும் ஒரே செடிதானே சார், அப்பா மழைக்கு முன்னால ஒரு பேர் சொல்வார், பின்னால ஒரு பேர் சொல்வார்" என்றாள். இரண்டு வெவ்வேறு தாவரப் பெயரோடு அது பல்கலைக்கழக நூலகத்தில் இன்றும் இருக்கிறது.

கட்டுரை வெளியிடும்போது, அவர்கள் விரும்பினால், சொல்லிக்கொடுத்தவரின் பெயரை ஆசிரியர் வரிசையிலேயே சேர்க்க இதழிடம் கேளுங்கள். 'தகவலாளி' வேண்டாம். முடியாது என்று நெறியாளர் சொன்னால், நிதிக் கணக்கிலாவது 'வழிகாட்டிக் கூலி' என்று போடாமல் 'துறை வல்லுநர் மதிப்பூதியம்' என்று போடுங்கள், வெளியிலிருந்து வரும் பேராசிரியருக்கு ஒரு நாளைக்கு என்ன கொடுக்கிறார்களோ அதே தொகை. தணிக்கையில் 'கல்வித்தகுதிச் சான்று எங்கே?' என்று கேட்பார்கள், என்னையும் கேட்டார்கள். ஊர்க் கூட்டத்தில் மூட்டுக்காணி கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம் வாங்கி இணைத்து வையுங்கள். எனக்கு இரண்டு முறை அது செல்லுபடியானது.